கால்கள் ஆல்ட்ரேஷனில் இருக்கின்றன

எங்கள் அண்ணியை யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். பொறாமை இல்லை. அண்ணன் பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே இடத்தில் வேலையும் பார்க்கிறவளுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். காலையில் குளியலறைக்குச் சண்டை, பகலில் பஞ்சு உருண்டைக்குச் சண்டை, சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ஆனால் வேறு யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லட்டும், அப்புறம் என் வாயை அவர்கள் தாங்க மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், உள்ளது உள்ளபடி.

அண்ணி ஒரு துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் பார்த்தவள். கடைவீதியில் மூன்று மாடிக் கடை. மாடிப்படிக்குக் கீழே, தலை நிமிர்ந்தால் இடிக்கிற பொந்தில் அவளுடைய தையல் மெஷின். பேன்ட் வாங்குகிறவர்கள் நேரே அங்கே வருவார்கள். நீளம் பிடிப்பாள், வெட்டுவாள், மடித்துத் தைப்பாள். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், எந்த நாளிலும் ஒரே பதில்தான்: "நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனாலும் அதே பதில். எங்கள் அண்ணன் அதே கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பேன்ட்டை நேரத்துக்குத் தரவில்லை என்று இரண்டு பேரும் தினமும் முறைத்துக்கொண்டார்கள். முறைத்து முறைத்தே கல்யாணத்தில் போய் நின்றார்கள். யார் யாரைச் சகித்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர் வந்தது. கடை முதலாளி குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினார். சாவியை அண்ணி கையில் கொடுத்து, "துணியைப் பூச்சி அரிக்காம பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி மேலேயே குண்டு விழுந்தது. உயிரோடு இருந்தவர்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றோம். எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது கடைவீதியில் ஒரு ஷட்டர் மேலே போகிற சத்தம் கேட்டது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? உள்ள கொண்டு வாங்க எல்லாரையும்" என்றாள்.

அன்றைக்குக் கவுன்ட்டர் எல்லாம் கட்டில் ஆனது. சட்டைத் துணி பேண்டேஜ் ஆனது. முதலாளிக்கு எப்படியோ விஷயம் போய், துணி என்னவாயிற்று என்று போனில் கேட்டார். "பத்திரமா இருக்கு ஐயா. ஒரு பூச்சி அரிக்கல. எல்லாம் ஆளுங்க மேல சுத்தியிருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள் அண்ணி. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

போர் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். சொல்லட்டும். புண் ரேடியோ கேட்பதில்லை. எங்கள் கடை அப்படியே வைத்தியசாலையாக நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் நான் புண்ணுக்கு மருந்து கட்டுகிறேன். முதல் மாடியில் அண்ணி கால் செய்கிறாள். துணி தைத்த கைதானே, ஒரு வெளியூர் டெக்னீஷியன் வந்து தங்கியிருந்தபோது கூடவே நின்று கற்றுக்கொண்டாள். வெட்டியது போக மிஞ்சியதை நாங்கள் மிச்சக்கால் என்போம். அதன் மேல் மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்க வேண்டும். அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்திக் கிண்ணம் செய்ய வேண்டும். கிண்ணத்துக்குள் மிச்சக்கால் உட்கார வேண்டும், எங்கேயும் உரசாமல். அதற்குக் கீழே குழாய், ரப்பர் பாதம், மேலே வார். வார் தைப்பதில் அண்ணியை அடிக்க ஆள் இல்லை, அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய போர்டுகளைக் கழற்ற யாருக்கும் நேரம் இல்லை. அண்ணி கால் கொடுக்கிற மேஜைக்கு மேலே இன்னமும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று தொங்குகிறது. எங்களிடம் வருகிற ஒரு கொத்தனார், கண்ணிவெடியில் இடது காலை விட்டவர், அதைப் படித்துவிட்டு, "அப்ப என் பழைய கால் வராதுன்னு எழுதியே போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். மாடி முழுக்கச் சிரித்தது. அண்ணியின் அப்பா வயசு அவருக்கு. அவரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அவள் அண்ணியாகிவிட்டாள்.

கடையின் டிரயல் ரூம்கள் எங்களுக்குப் பெரிய வரம். கால் போனாலும் அதன் வலி போகாது. இல்லாத விரல் மடங்கி இழுக்கிறது, இல்லாத பாதம் எரிகிறது என்று ஆட்கள் துடிப்பார்கள். மனசு டாக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், போரில் மனம் உடைந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். அவர்தான் டிரயல் ரூம் கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, இருக்கிற காலை அதில் பார்க்க வைப்பார். பார்த்தால் இரண்டு காலும் இருப்பதுபோலத் தெரியும். இருக்கிற விரலை மெதுவாக விரித்தால், இல்லாத விரலும் விரியும். வலி கொஞ்சம் கொஞ்சமாக விடும். எல்லோருக்கும் விடாது, பலருக்கு விடும்.

டிரயல் ரூம் திரைக்குள் அழுகிறவர்கள் உண்டு, கத்துகிறவர்கள் உண்டு. டாக்டரம்மா வெளியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வெளியே வருகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம், துணிக்கடைக் கேள்வி: "அளவு சரியா?" சிலர் "கொஞ்சம் டைட்டு" என்பார்கள். சிலர் "எனக்கு இது வேணாம், வேற காட்டுங்க" என்பார்கள். அதை வைத்தே அன்றைக்கு அவர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கண்டக்டர் எங்களிடம் வந்தபோது வாயே திறக்கவில்லை. பஸ் கண்டக்டர் அவள், நல்ல உயரம், சின்ன வயசு. குண்டு அவள் பஸ் மேல் விழுந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. நாள் முழுக்கக் கத்திப் பழகின தொண்டை, அதற்குப் பிறகு தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை. மருந்து கட்டும்போது வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். டாக்டரம்மா கண்ணாடியோடு பல நாள் உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாள் திரைக்குள்ளிருந்து, "உள்ள போ, உள்ள போ! படில நிக்காத! எல்லாரும் உள்ள போ!" என்று ஒரு கத்தல். கீழ்த்தளத்தில் என் கையிலிருந்த இடுக்கி நழுவி விழுந்தது. நான் மேலே ஓடினேன்.

அவள் கக்கத்தில் கட்டைகளை ஊன்றி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அளவு சரியா?" என்றாள்.

"கை பக்கம் கொஞ்சம் பிடிக்குது" என்றாள் கண்டக்டர்.

ஸ்டோர் ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அழுதேன் என்றால் அழுதேன், அதில் என்ன வெட்கம்? வாய் திறந்தது நல்லதா என்று பிறகு சந்தேகமாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் அவள் வாயை மூட எங்களால் முடியவில்லை. கொத்தனாரைக் கூட, பிடித்து நடை பழகுகிற நடைக்கம்பிக்கு நடுவில் வழிமறித்து நிற்காதே என்று விரட்டுவாள்.

அவளுக்கு முழங்கால் மிஞ்சியிருந்தது. இந்தக் கதையே அந்த முழங்காலைப் பற்றியதுதான். முழங்கால் இருந்தால், செய்த காலைப் போட்டுக்கொண்டு பஸ் படி ஏறலாம், பிரேக் போட்டால் மடக்கிச் சமாளிக்கலாம், மறுபடியும் கண்டக்டராகலாம். அது போய்விட்டால் நடக்கலாம், ஓடுகிற பஸ்ஸில் நிற்பது பெரிய பாடு. அவளுக்குக் கால் தயாராகிவிட்டது. ஆனால் அவசரக்காரி, கொடுத்த அன்றைக்கே இரண்டு மாடி ஏறி இறங்கினாள். எலும்பு முனையில் தோல் கிழிந்துவிட்டது. சட்டைப் பொத்தான் அளவுக்குப் புண். ஆறும்வரை காலை மாட்டவே கூடாது, சீழ் எலும்புக்குப் போனால் அடுத்த வெட்டு முழங்காலுக்கு மேலேதான் என்று அவள் காலை எடுத்த சர்ஜன் தெளிவாகச் சொல்லிவிட்டார். புண்ணைத் தினமும் கட்டுகிறவள் நான். அது ஆறிக்கொண்டுதான் வந்தது, ஆனால் இன்னும் மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ரிப்பன் சார். புனர்வாழ்வு ஆபீஸ் அதிகாரி. எதைத் திறந்தாலும் ரிப்பன் வெட்டுவார், கத்தரிக்கோல் காரிலேயே இருக்கும். எங்களுக்கு வர வேண்டிய பிளாஸ்டிக் தகடும் மாவுக்கட்டும் அவர் கையெழுத்தில்தான் வரும். அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

"போர் முடிஞ்ச நாள் விழா எடுக்கறோம். இருபது பேர் மேடையில இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கணும். கட்டை கூடாது, தடி கூடாது. பாக்கறவங்களுக்கு யாருக்குக் கால் இல்லன்னே தெரியக் கூடாது" என்றார்.

"தெரிஞ்சா என்ன சார்?" என்றேன்.

"அது நல்லா இருக்காது சிஸ்டர்" என்றார், ஏதோ நான் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல.

கூட வந்த ஆள் ஒரு மூட்டையை இறக்கினான். எல்லாம் புது பேன்ட். சாம்பல் நிறம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, தரை வரைக்கும் நீளம். செய்த கால் கொஞ்சம்கூடத் தெரியாமல் மறைக்க வேண்டுமாம். அப்புறம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்ணாலேயே பொறுக்கிக்கொண்டு வந்து, கண்டக்டர் முன்னால் நின்றார்.

"நீ முன்னால நட. பொண்ணு முன்னால நடந்தா நல்லா எடுக்கும். பஸ் கம்பெனி மேனேஜர் மேடையிலதான் இருப்பார். நீ நடந்து காட்டு, அங்கேயே வேலை ஆர்டரை உன் கையில வாங்கித் தர்றேன்."

கண்டக்டர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று.

"சார், அவளுக்குப் புண் இருக்கு. போட்டு நடந்தா முழங்காலே போயிடும்."

"பத்தடி சிஸ்டர். பத்தடில என்ன ஆயிடப் போகுது? நம்ம பசங்க எவ்வளவோ தாங்கினாங்க."

அவர் படியிறங்கின சத்தம் அடங்குவதற்குள் அண்ணி கண்டக்டரின் காலை எடுத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அண்ணி, சாவியக் குடுங்க."

"தரமாட்டேன். தலைகீழா நின்னாலும் தரமாட்டேன்."

"என் கால் அது!"

"நான் செஞ்ச கால். புண்ணு ஆறட்டும், நானே கொண்டுவந்து மாட்டி விடறேன்."

"என் முட்டி, என் இஷ்டம். வேலைய நீங்க வாங்கித் தருவீங்களா? வாங்கித் தருவீங்களான்னு கேக்கறேன். மாட்டீங்கல்ல? அப்ப சாவியக் குடு!"

மரியாதை போய்விட்டது. அண்ணியும் விடவில்லை. "முட்டி போனா எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு பஸ்ல ஏறுவே? அந்தாளு காட்டின ஆசைக்கு முட்டியக் கழட்டிக் குடுக்கப் போறியா?" என்று கத்தினாள். கண்டக்டர் கட்டையை மூலையில் வீசிவிட்டு, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி டிரயல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான் அண்ணி பக்கம்தான். நூற்றுக்கு நூறு அண்ணி பக்கம். அதனால் டாக்டரம்மா சொன்னது எனக்கே சுருக்கென்று தைத்தது.

"அண்ணி, அவ பஸ்ல குண்டு விழுந்தப்ப அவளை யாரும் கேக்கல. காலை எடுத்தப்பவும் மயக்கத்துல இருந்தா, யாரும் கேக்கல. இப்ப நீங்களும் கேக்கல. நீங்க சொல்றது சரிதான், நானும் அதையேதான் சொல்லுவேன். ஆனா அலமாரில பூட்டி வெச்சி ஒருத்திய குணப்படுத்த முடியாது."

அண்ணி கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, காலை எடுத்து, டிரயல் ரூம் திரைக்கு அடியில் உள்ளே தள்ளினாள். தானும் திரைக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"இந்தா உன் கால். போட்டுக்கறதும் போட்டுக்காததும் உன் முடிவு. நான் பூட்டினது தப்பு. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன், பதில் சொல்லு. வேலைதானே வேணும்? நடக்காமலே போய்க் கேட்டா என்ன?"



"மத்தவங்க எல்லாம் நடப்பாங்க அண்ணி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சண்டைக்குரல் இல்லை, வேறு குரல். "அத்தனை பேரும் ஜம்முன்னு நடப்பாங்க. நான் மட்டும் கட்டைய வெச்சிக்கிட்டு ஓரமா உக்காந்திருப்பேன். மேனேஜர் என்னைப் பாத்து என்ன நினைப்பான்? பாவம்னு நினைப்பான். பாவம்னு நினைக்கறவன் பஸ்ஸக் குடுக்க மாட்டான்."

டாக்டரம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திரை மெல்லிசுத் துணி. மாடியில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. நடைக்கம்பியிலிருந்து டொக் டொக்கென்று கொத்தனார் வந்தார். அண்ணி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேன்ட்டைச் சுருட்டினார், வாரை அவிழ்த்தார், காலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அண்ணி, இது ரொம்ப லூசா இருக்கு. ஆல்ட்டர் பண்ணணும்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "போன வாரம்தானே பாத்தேன்? கச்சிதமா இருந்துச்சே."

"லூசுங்கறேன்ல. கடைக்காரிக்குத் தெரியுமா, போட்டிருக்கறவனுக்குத் தெரியுமா? விழாவுக்கு முன்னாடி முடியாதுதானே?"

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் பழைய துணிக்கடைக் களை வந்தது. "முடியாது ஐயா. நிறைய வேலை கிடக்குது. நாளைக்கு வாங்க" என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். வார் உறுத்துகிறது என்றார் ஒருவர். பாதம் நிறம் பிடிக்கவில்லை என்றாள் ஒருத்தி. இரண்டு காலும் போன பழைய சிப்பாய் ஒருவர் இரண்டையும் கழற்றி வைத்து, "உயரம் பத்தல, என் பெண்டாட்டி என்னைவிட உசரமாத் தெரியறா" என்றார். மேஜை நிறைந்து, தரையில் அடுக்கினோம். ரிப்பன் சார் பொறுக்கி எடுத்த அத்தனை பேரின் கால்களும் அங்கே கிடந்தன. யாரும் திரைப் பக்கம் பார்க்கவில்லை.

திரை விலகியது. கண்டக்டர் தன் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"அளவு சரியா?" என்றாள் அண்ணி.

"சரியில்ல" என்று காலைக் குவியலின் மேல் வைத்தாள் கண்டக்டர். "இதையும் ஆல்ட்டர் பண்ணுங்க. அவசரம் இல்ல. ஆறின அப்புறம் வாங்கிக்கறேன்."

மீதி வேலை அன்று சாயங்காலம் நடந்தது. அண்ணி அந்தச் சாம்பல் பேன்ட் மூட்டையைப் பிரித்தாள். ஒவ்வொருவரையும் நிற்க வைத்து, உட்கார வைத்து, நீளம் பிடித்தாள். செய்த காலின் நீளம் இல்லை, மிச்சக்காலின் நீளம். முழங்காலுக்குக் கீழே போனவருக்கு முழங்காலுக்குக் கீழே, தொடையில் போனவருக்குத் தொடையில். சரியாக அந்த இடத்தில் வெட்டி, மடித்து, தைத்தாள். நான் குண்டூசி பிடித்தேன். மடிப்பைச் சின்னதாகப் பிடிக்கிறேன் என்று என்னைத் திட்டினாள், நானும் திருப்பித் திட்டினேன். பேன்ட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அண்ணன் பதுங்குகுழியில் கிடந்த நாட்களுக்குப் பிறகு மூடின கதவுக்குள் இருக்க மாட்டான், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எந்த வேலையும். அப்படித் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் இஸ்திரி போட்டான். குட்டைக் காலுக்கும் நெட்டைக் காலுக்கும் ஒரே மாதிரி கத்தி மடிப்பு.

"என்னடா, எதுக்குன்னு கேக்க மாட்டியா?" என்றேன்.

"வெட்டின இடத்தை ஒளிக்காம தெச்சிருக்கா. எதுக்குன்னு தெரியாதா எனக்கு?" என்றான்.

விழா அன்று காலை ரிப்பன் சார் வேனோடு வந்தார். மாடிக்கு ஏறி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது பேரும் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், கட்டையும் சக்கர நாற்காலியுமாக. புது பேன்ட், கத்தி மடிப்பு. தரையில் கால் குவியல், ஒவ்வொன்றிலும் வார் பிரித்துக் கிடந்தது.

"என்ன இது? கால் எங்க?"

"ஆல்ட்ரேஷன்ல இருக்கு சார்" என்றாள் அண்ணி. கழுத்தில் டேப் தொங்கியது. "எல்லாருக்கும் சின்னச் சின்னக் குறை. வார் பிரிச்சாச்சு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கா? விழா இப்ப! என்னை என்ன கிள்ளுக்கீரைன்னு நினைச்சியா? பிளாஸ்டிக் எப்படி வருதுன்னு பாக்கறேன். ஒரு தகடு வராது உனக்கு!"

"வராட்டி போகட்டும் சார். ஆனா இவங்க ரெடியா இருக்காங்க. கூட்டிட்டுப் போறீங்களா, காலி மேடைய காட்டறீங்களா?"

விழா மைதானத்தில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. காலி மேடையை அவரால் காட்ட முடியாது. வேனில் ஏற்றினார். நானும் அண்ணியும் டாக்டரம்மாவும் பின்னாலேயே ஏறிக்கொண்டோம், எங்களை யாரும் கூப்பிடவில்லை.

மைக்கில் பேசுகிறவருக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுதிக் கொடுத்ததை உருக்கமாகப் படித்தார்: "இதோ, மீண்டு வந்தவர்கள் கம்பீரமாக நடந்து வருகிறார்கள்!" கண்டக்டர் கட்டைகளை ஊன்றி முதலில் ஏறினாள். வலது பேன்ட் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கி, அழகாக மடித்துத் தைத்து முடிந்திருந்தது. பின்னால் கொத்தனார். பின்னால் சிப்பாயின் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்திலிருந்து ஓடி வந்த இரண்டு பேர், அவர்களில் ஒருவருக்கு ஒரு கை இல்லை. மைக்கில் பேசியவர் பாதி வாக்கியத்தில் நின்றார். கைதட்டத் தூக்கின கைகள் தட்டாமல் இறங்கின. அவ்வளவு பெரிய மைதானத்தில் கட்டை ஊன்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கண்டக்டர் நேரே போய் பஸ் கம்பெனி மேனேஜர் முன்னால் நின்றாள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"நான் உங்க கண்டக்டர் சார். கால் ஆல்ட்ரேஷன்ல இருக்கு. புண்ணு ஆறல. ஆறினதும் போட்டுக்குவேன், போட்டதும் வேலைக்கு வருவேன். என் பஸ்ல என் இடத்தை வெச்சிருங்க. முட்டியப் பணயம் வெச்சி நடந்து காட்டினாத்தான் தருவேன்னா, அது வேலை இல்ல சார், வேடிக்கை. வேடிக்கை காட்ட எனக்கு வராது."

மேனேஜர் எழுந்து நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார். அவள் காத்திருக்கவில்லை. பின்னால் திரும்பி, "எதுக்கு படியிலயே நிக்கறீங்க? முன்னாடி இடம் இருக்கு, நகருங்க! போலாம் ரைட்!" என்று ஒரு சத்தம் போட்டாள். இருபது பேரும் அந்தப் பக்கம் இறங்கினார்கள், அவர்கள் வேகத்தில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. கூட்டத்தின் நடுவில் நாங்கள் முன்பின் பார்க்காத ஒரு ஆள் எழுந்து, தன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, உள்ளே இருந்த மரக்காலைப் படபடவென்று தட்டினான். அந்த மாதிரித் தட்டுகிறவர்கள் அங்கங்கே இன்னும் இருந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் படியில் நிற்க இடமில்லை. இத்தனை நாள் வீட்டுக்குள் ஒளிந்து கிடந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

ரிப்பன் சார் சொன்னபடியே தகட்டை நிறுத்தினார். அண்ணி பழைய தண்ணீர்க் குழாய்களை வாங்கி, பிளந்து, அடுப்பில் இளக்கிக் கிண்ணம் செய்தாள். கருப்புக் கால்கள். முதல் கருப்புக் காலைக் கொத்தனார்தான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். தகடு மறுபடி வர ஆரம்பித்தபோது அதைக் கேட்டு யாரும் போகவில்லை, அதுவாகவே வந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

கண்டக்டரின் புண் மெதுவாக மூடியது. கடைசித் துணிக்கட்டை அவிழ்த்து, புதுத் தோலை விரலால் அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் கசியவில்லை. அண்ணி மறுபடி அச்சு எடுத்து, மறுபடி கிண்ணம் செய்து, தானே மாட்டிவிட்டாள். முழங்கால் பத்திரமாக இருந்தது. வேலைக்கு அவள் எத்தனையோ முறை அந்த ஆபீஸுக்கு நடந்தாள். அவர்கள் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்கள், நாளைக்கு வாங்க என்று. அந்த வார்த்தையின் சூட்சுமம் தெரிந்தவளிடமா? மறுநாள் காலையிலேயே போய் நிற்பாள். கடைசியில் கொடுத்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் நானும் அண்ணியும் வழக்கம்போல ஜன்னல் சீட்டுக்கு முட்டி மோதிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். படியில் அவள் நின்றிருந்தாள், தோளில் பை, வலது காலைப் படியில் அழுத்தி ஊன்றிக்கொண்டு. பிதுங்குகிற கூட்டம். அண்ணிக்கு வாய் சும்மா இருக்குமா? அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அளவு சரியா?" என்று கத்தினாள்.

"முதல்ல டிக்கெட் எடுங்க அண்ணி!" என்றாள் கண்டக்டர்.

பிறகு விசிலுக்குப் பதிலாக, அண்ணி செய்த காலால் தகரப் படியை ஓங்கி இரண்டு உதை உதைத்தாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.